ரம்பத்தின் மூடி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எல்லாரும் என்றால் நானும் உன் அத்தானும்தான். நான் நலம். அவர் இருக்கிறார். உன் முதுகுவலி எப்படி? உன் மனைவிக்கு இருமல் விட்டதா? பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்.

அவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. வலது பக்கம் அப்படியேதான் கிடக்கிறது. காது கேட்கிறது, நாம் சொல்வது முழுக்கப் புரிகிறது, பதில்தான் தொண்டையைத் தாண்டி வரமாட்டேன் என்கிறது. பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் படம் போட்ட அட்டைகள் கொடுத்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படத்தை எடுத்துக் காட்ட வேண்டும். அவருக்கோ இடது கைதான் மிச்சம், பார்வையும் பாதிதான். ஓர் அட்டையை எடுக்கப் போனால் நாலைந்து சேர்ந்து வருகிறது. கோபத்தில் எல்லாவற்றையும் கசக்கிப் போடுகிறார். "தடவினாலே இன்னதுன்னு தெரியற மாதிரி மரத்துல செஞ்சு குடுங்கம்மா, கையில நிக்கும்" என்றாள் அந்தப் பெண்.

மாடிவீட்டு டிராயிங் மாஸ்டர் வீடு மாறிப் போகும்போது ஸ்க்ரோல் ஸா என்று ஒரு மிஷினை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். தையல் மிஷினுக்கும் ரம்பத்துக்கும் கல்யாணமாகிப் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கிறது. ஊசி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிசாக ஒரு பிளேடு மேலும் கீழும் ஓடும். அதில் நானே உருவங்களை வெட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். இருபத்தெட்டு வருடமாக ஊருக்குத் தைத்துக் கொடுக்கிறவளுக்கு ஒரு பலகையில் கோடு பிடித்துப் போகத் தெரியாதா? எப்படி வைப்பது, எப்படி ஓட்டுவது என்று விவரமாக எழுது. போனில் சொல்லாதே. உன் குரல் கேட்டாலே அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. எழுதி அனுப்பினால் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்வேன்.

அவருக்குப் பேச்சு இருந்தால் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். முப்பது வருடம் பட்டை ரம்பத்தில் மரம் அறுத்தவர். அளவு பிசகாத ஆள் என்று தொழிற்சாலையில் 'மில்லிமீட்டர்' என்றுதானே கூப்பிடுவீர்கள்? அந்த மில்லிமீட்டர்தான் ரம்பத்தின் மூடியைக் கழற்றிப்போட்டு வேலை செய்து, மூன்று விரலையும் வேலையையும் ஒரே காலையில் தொலைத்தார். தான் கழற்றவே இல்லை என்று ஒன்பது வருடமாகச் சாதித்தார். ரம்பத்தைப் பார்த்துவிட்டு மூடியையும் மாட்டிவிட்டுத்தான் வந்தேன் என்று விசாரணையில் நீ உள்ளதைச் சொன்னதற்கு உன்னோடு பேச்சையே நிறுத்தினார். நானும் விட்டேனா? கையிலிருந்து ஒரு கரண்டி நழுவினால்கூட "அன்னைக்கு மாதிரியேதான்" என்பேன். இப்போது திருப்பிச் சொல்ல அவருக்கு வாய் இல்லை, சொல்லிக்காட்ட எனக்கும் ருசிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல். குளிருக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இருமல் விட்டுவிட்டது.

மிஷினைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிடாதே. கனமான, ஆடாத மேஜை வேண்டும். நீ துணி வெட்டும் மேஜை சரியாக இருக்கும். மிஷினின் அடியில் நான்கு துளை இருக்கும். ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு, மேஜையிலும் துளைத்து, நான்கு போல்ட்டால் இறுக முடுக்கிவிடு. முடுக்காமல் ஓட்டினால் அது மேஜைமேல் நடந்து போகும். நீ உட்காரும்போது முழங்கை மேஜை மட்டத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் கோட்டின்மேல் விழ வேண்டும், உன் நிழல் விழக் கூடாது.

பிளேடு மாட்டும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கு. சுவிட்சை அணைத்தது போதும் என்று இருந்துவிடாதே. பிளேடின் பற்கள் உன்னைப் பார்த்து இருக்க வேண்டும், கூர் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேலும் கீழும் மாட்டியபின் இறுக்கு. நகத்தால் சுண்டினால் தந்திபோல ஒலிக்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் இன்னும் தளர்வு. சின்ன மூலைமட்டம் ஒன்றை வைத்துப் பிளேடு நேராக நிற்கிறதா என்று பார். சாய்ந்திருந்தால் வெட்டும் சாயும்.

கண்ணாடி போட்டுக்கொள், மூக்கை மாஸ்க்கால் மூடிக்கொள், மரத்தூள் பொல்லாதது. கையுறை மட்டும் வேண்டாம். பிளேடு அதன் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். முடியை இறுக முடிந்துகொள். விரல் எப்போதும் பிளேடுக்கு இரண்டு பக்கமும் இருக்கட்டும், நேர் எதிரே போகவே கூடாது. பலகையை நெட்டித் தள்ளாதே, பிளேடு கேட்கிற வேகத்துக்குக் கொடு. வெட்டிய துண்டை எடுக்க ஓட்டம் முழுக்க நிற்கட்டும்.

பிளேடுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். பிளேடு மாற்ற அதைக் கழற்ற வேண்டிவரும். மாற்றிய கையோடு மூடியை மாட்டிவிடு. பிறகுதான் பிளக். யார் கூப்பிட்டாலும், என்ன அவசரமானாலும், மூடியை மாட்டாமல் எழுந்திருக்காதே.

அத்தானை அந்த அறையில் உட்கார வைக்காதே. சத்தம் அவருக்கு ஆகாது. பழசைப் பேசியும் நோகடிக்காதே அக்கா. நடந்தது நடந்துவிட்டது.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் சுவரில் இருக்கிறது. அதற்குக் கீழே நான் பண்ணிய தப்புகளின் பட்டியலும் இருக்கிறது, அது உன் கடிதத்தைவிட நீளம்.

முதல் நாள் பிளேடைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். பலகை மிஷின் தட்டைவிட்டுத் துள்ளித் துள்ளி எழுந்தது, நானும் கூடவே எழுந்தேன். இரண்டாம் நாள் இரண்டு பிளேடு ஒடிந்தது. ஏன் என்று பார்த்தால், துணி தைக்கும் பழக்கத்தில் என் இடது கை தானாகப் பின்னால் போய்ப் பலகையைப் பிடித்து இழுக்கிறது! மூளை சொன்னால் கை கேட்கவா போகிறது? அந்தக் கையை ஒரு வாரம் திட்டித் திட்டித்தான் முன்னால் கொண்டுவந்தேன்.

உன் அத்தானைத் தள்ளி உட்கார வைக்கச் சொன்னாய். அவர் கேட்டால்தானே? மிஷின் சத்தம் கேட்டதுமே சக்கர நாற்காலியை இடது காலால் உந்தி வாசற்படி வரை வந்துவிட்டார். மூன்றாம் நாள் நான் வெட்ட உட்கார்ந்ததும் "ஆ, ஆ" என்று ஒரே கூச்சல். இடது கையால் தன் கழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். நெஞ்சுவலியோ என்று பதறிப் போய்விட்டேன். பார்த்தால் என் கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது. காலையில் மாட்டினால் படுக்கும்போது கழற்றுவேன், அது இருப்பதே எனக்குத் தெரியாது. பிளேடுக்கு நாலு விரற்கடை தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கழற்றி வைத்த பிறகுதான் அவர் அடங்கினார். வேகம் கூடினாலும் கண்டுபிடித்துத் தரையை உதைக்கிறார். மேஸ்திரியே வீட்டில் இருக்கும்போது உனக்கு எதற்குக் கடிதம் எழுதினேன் என்று இருக்கிறது.

முதலில் டம்ளர் வெட்டினேன். ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அவர் மடியில் வைத்தேன். மறுநாள் மத்தியானம் நான் பட்டன் தைத்துக்கொண்டிருக்கும்போது முழங்காலில் ஏதோ இடித்தது. அந்த டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்து, துடைத்துவிடு என்று வாயைக் காட்டினார். எட்டு மாதமாக அவருக்கு எப்போது தாகம் எடுக்கும் என்று நான்தான் முடிவு பண்ணிக்கொண்டிருந்தேன். சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

தலையணை, ஜன்னல், ஃபேன், கழிவறைக் கதவு என்று இதுவரை ஒன்பது ஆகிவிட்டது. உன் உடம்பு எப்படி? எழுது.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டம்ளர் விஷயத்தைப் படித்துவிட்டு உன் தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சின்ன உருவங்களைத் தனியாகப் பிடித்து வெட்டாதே, விரல் பக்கத்தில் போய்விடும். பெரிய பலகையில் வரைந்து, வேண்டாத மரத்தைப் பிடித்துக்கொண்டு வெட்டு. நடுவில் ஓட்டை வேண்டுமென்றால் டிரில்லால் சின்னத் துளை போட்டு, பிளேடின் மேல்முனையைக் கழற்றி அதில் நுழைத்து, மறுபடி மாட்டி இறுக்கி வெட்ட வேண்டும். அப்போதும் மூடி கழற்றவேண்டியிருக்கும். மறக்காமல் மாட்டு. கழற்றும் போல்ட்டைப் பையில் போடாதே, மிஷின் தட்டிலேயே கண்ணுக்கு முன்னால் வை. மூடியை மாட்டினாயா என்று பிளக்கைச் செருகும் முன் வாய்விட்டுக் கேட்டுக்கொள்.

வந்து பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. இப்போது வருடாந்திரப் பழுதுபார்ப்பு நடக்கிறது. பராமரிப்புப் பிரிவுத் தலைவன் என்று பேரை வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டேன் என்கிறார்கள்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லாரும் சுகமா? மூடியைப் பற்றி இதுவரை ஆறு தடவை எழுதிவிட்டாய். போகிற போக்கில் எனக்கே ஒரு மூடி போட்டுவிடுவாய் போலிருக்கிறது. பயப்படாதே, மாட்டித்தான் ஓட்டுகிறேன்.

ஆளுக்கு ஓர் உருவம் வெட்டினேன். எனக்குக் கத்தரிக்கோல். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு விமானம். பயிற்சிப் பெண்ணுக்கு அவள் குடை. உனக்கு ஸ்பேனர். சட்டைப்பையில் ஸ்பேனர் இல்லாமல் உன்னை நான் பார்த்ததே இல்லையே.

ஸ்பேனரைக் கையில் கொடுத்து "இது தம்பி" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியை உந்திக்கொண்டு மிஷினிடம் போய், பிளாஸ்டிக் மூடியின்மேல் அந்த ஸ்பேனரால் தட்டினார். தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி தட்டினார். பிறகு அந்த விரல் போன வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையும் தட்டினார். நான் "மூடி லூசா இருக்கா? தம்பிய வரச் சொல்லட்டுமா?" என்றேன். ஸ்பேனரை வீசி எறிந்தார். கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது. நேற்றும் இன்றும் அதே கதைதான்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அவர் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார். வீம்பு விட்டுப்போயிருக்கிறது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு உன் பேரைக் கேட்டு முகத்தைத் திருப்பாமல் இருந்தாரே, அதுவே பெரிசு. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வா.

அன்புடன்,
அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இப்போது வர முடியாது. வேலை கழுத்துவரை இருக்கிறது.

அந்த ஸ்பேனரை எடுத்து எங்காவது வைத்துவிடு. முனையில் இடித்துக்கொள்வார். எனக்கு உருவம் எதுவும் வேண்டாம்.

அத்தானுக்கு மருந்து வேளாவேளைக்குக் கொடு.

தம்பி


மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

உள்ளே ஓட்டை போட்டு ஒரு மூக்குக்கண்ணாடி வெட்ட வேண்டியிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன், மிஷினோடு வந்த ஸ்பேனரால் மூடியைக் கழற்றினேன். போல்ட்டைத் தட்டில் வைக்கச் சொல்லியிருந்தாய். நான் வழக்கம்போல ஏப்ரனின் முன்பையில் போட்டேன். பிளேடைத் துளையில் நுழைத்து மாட்டினேன். அப்போது அடுப்பில் பால் பொங்கும் சத்தம். ஓடினேன், அடுப்பைத் துடைத்தேன், வந்தேன், பிளக்கைச் செருகினேன், ஓட்டினேன். பலகையைத் திருப்பும்போது மூடியில் கட்டைவிரலை ஊன்றிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஊன்றினேன். மூடி அங்கே இல்லை.

காயம் பெரிதில்லை. நகத்தோரம் கிழிந்தது, கட்டுப் போட்டாகிவிட்டது. அதற்காக நான் எழுதவில்லை.

துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது முன்பையில் அந்த போல்ட் தொடையில் இடித்தது. அதை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மரத்தை வெட்டுகிறவள் மூடியைக் கழற்றமாட்டாள் தம்பி. அவளுக்கு அதில் என்ன வேலை? பிளேடு மாட்டுகிறவள்தான் கழற்றுவாள். இங்கே இரண்டும் நான் ஒருத்தியே. உங்கள் தொழிற்சாலையில் மரம் அறுக்கிறவர் வேறு, பிளேடு மாட்டுகிறவர் வேறு. உன் அத்தானிடம் ஸ்பேனர் என்று ஒன்று இருந்ததே இல்லை. நம் வீட்டுக் குழாய் ஒழுகினால்கூட நீதான் வந்து முடுக்குவாய்.

என் சத்தம் கேட்டு வாசற்படிக்கு வந்தவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன்னை ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அந்த மூடியைக் கழற்றியது யார்?

அவரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. உன் பதில் வரட்டும் என்று இருக்கிறேன். மனைவி, பிள்ளைகள் சுகம்தானே?

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கட்டைவிரல் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். பழுதுபார்ப்பு முடிந்து கணக்கெடுப்பு வந்துவிட்டது.

உருவங்களுக்கு வார்னிஷ் அடிக்கப் போகிறாய் என்றால் யோசித்துச் செய். அத்தான் வாயில் வைத்தாலும் வைப்பார். பொம்மைகளுக்குப் பூசுகிற எண்ணெய் கிடைக்கும், அது கெடுதல் இல்லை. முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு நயமானது, எப்போதும் மர ரேகையோடு தேய்க்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டுப் பூசு. இரண்டு டஜன் நல்ல பிளேடு தனியாக அனுப்பியிருக்கிறேன்.

வெயில் அதிகமாக இருக்கிறது. அத்தானுக்கு அடிக்கடி தண்ணீர் கொடு.

அன்புடன்,
தம்பி


மே 10

தம்பிக்கு,

பிளேடு வந்து சேர்ந்தது. அவர் கேட்கிற போது தண்ணீர் கொடுக்கிறேன்.

நான் வார்னிஷ் பற்றிக் கேட்கவில்லை.

உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். என்ன கேட்டு எழுதினேன் என்று சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. போஸ்ட்மேன் சைக்கிள் சத்தம் கேட்டால் ஜன்னல் உருவத்தை எடுத்துக் காட்டுகிறார். தள்ளிக்கொண்டு போய் ஜன்னலோரம் விடுகிறேன். உன் கடிதம் வந்த அன்று உறையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் படித்துவிட்டு "உப்புத்தாள் எப்படித் தேய்க்கணும்னு எழுதியிருக்கான்" என்றேன். மறுபடி சாய்ந்துகொண்டார்.

நானே சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரு தடவை விசாரிக்காமல் அவரைக் குற்றவாளி ஆக்கினேன். இப்போது விசாரிக்காமல் உன்னை ஆக்கிவிடக் கூடாது. நீ என் கூடப் பிறந்தவன். இல்லை என்றால் இல்லை என்று எழுது, நம்புகிறேன். ஆமாம் என்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்டுகிறேன். எதுவாக இருந்தாலும் அவர் கேட்கும் நிலையில் இருக்கும்போதே எழுது.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதைத் தபாலில் சேர்த்த பிறகுதான் சாப்பிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான்தான் கழற்றினேன்.

அன்று வேலை தொடங்கும் முன் அத்தானுடைய ரம்பத்தில் பட்டையை, அதாவது அதன் பிளேடை, மாற்றினேன். மூடியைக் கழற்றித் தூணுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். இரண்டு போல்ட்டையும் சட்டைப்பையில் போட்டேன். பட்டையை மாட்டி இறுக்கும்போது பாலிஷ் பிரிவில் பெல்ட் அறுந்துவிட்டது என்று ஓடிவந்து கூப்பிட்டார்கள். ரெண்டே நிமிஷம், வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று போனேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. அத்தான் எப்போதும் குனிந்து அளவு பார்க்கும்போது பக்கவாட்டு மூடியில் கையை ஊன்றிக்கொள்வார். முப்பது வருடப் பழக்கம். அவர் நின்ற இடத்திலிருந்து அது இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

பதிவேட்டில் 'பட்டை மாற்றப்பட்டது, மூடி பொருத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். பொய் எழுத வேண்டும் என்று எழுதவில்லை அக்கா. நாங்கள் வேலையைத் தொடங்கும்போதே முடித்ததாக எழுதிவிடுவோம். கையில் எண்ணெய் படும் முன் எழுதினால் பதிவேடு அழுக்காகாது என்று எல்லாரும் அப்படித்தான் செய்வோம். விசாரணையில் மேனேஜர் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, "மூடி மாட்டிட்டுத்தானே போனீங்க?" என்றார். நான் "ஆமா சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த மாதம்தான் எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இவருக்கு ஏன்டா இவ்வளவு அஜாக்கிரதை?" என்று அழுதாய். நீ தலை சாய்த்த பக்கத்துப் பையில்தான் அந்த இரண்டு போல்ட்டும் இருந்தன. அப்போது சொல்லியிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நாளும், நேற்றே சொல்லவில்லையே, இன்று எப்படிச் சொல்வது என்று போய்விட்டது.

இதையே மேனேஜருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அது சரிதான்.

அத்தானிடம் இதைப் படித்துக்காட்டு. நான் வரலாமா என்று அவரைக் கேள். வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

தம்பி


ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது.

ஜூன் இருபத்தேழாம் தேதி அவருக்கு இரண்டாவது முறை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தோம். உனக்குச் சொல்லவில்லை. என் கேள்விக்குப் பதில் சொல்லாதவனுக்கு இதை எதற்குச் சொல்வது என்று ஒரு கோபம். சொல்லியிருந்தால் பயத்திலாவது எழுதியிருப்பாயோ என்னவோ, எழுதியிருந்தாலும் நேரம் கடந்துதான் போயிருக்கும். உயிர் பிழைத்தார். ஆனால் முன்பு போல நாம் பேசுவது அவருக்குப் புரிவதில்லை. சத்தம் கேட்கும், சொல் ஏறாது என்கிறார் டாக்டர். டம்ளரைக் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், அது எதற்கு என்று தெரியவில்லை. முப்பத்தொன்று வெட்டி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டேன்.

இருந்தாலும் படித்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எழுதியதை ஒரு வரி விடாமல் மூன்று முறை படித்தேன். என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஏதோ நல்ல சேதி வந்திருக்கிறது என்று நினைத்தார் போலிருக்கிறது. போன வாரம் தொழிற்சாலையிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. அவர்மேல் தவறில்லை என்று பதிவேட்டைத் திருத்திவிட்டார்களாம். அதையும் படித்துக்காட்டினேன். அதற்கும் சிரித்தார்.

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. மார்ச் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது தம்பி. கையில் ரத்தத்தோடு நான் உட்கார்ந்திருந்தபோது அவர் எதிரில்தான் இருந்தார், நான் சொல்வது அவருக்குப் புரியும். எழுந்து நாலு அடி போய், "நீங்க சொன்னதுதான் நிஜம்" என்று சொல்ல எனக்கு உன் கடிதம் எதற்கு? கூட வாழ்ந்த மனுஷன் ஒன்பது வருடம் சொன்னது போதாமல், கடைசியிலும் உன் கையெழுத்து வரட்டும் என்று மூன்று மாதம் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தேன். நீ ஒரு நாள் பொய் சொன்னாய். நான் தினமும் சொல்லிக்காட்டினேன். இரண்டு பேரில் யார் செய்தது பெரிது என்று அவரால்தான் சொல்ல முடியும்.

நீ வரலாமா என்று அவரைக் கேட்கச் சொன்னாய். கேட்டுப் பயனில்லை, நானே சொல்கிறேன், வா. வந்து அவர் எதிரில் உட்கார்ந்து உன் வாயால் சொல். புரியாது என்று தெரிந்தும் சொல்லத்தான் வேண்டும், நானும் பக்கத்தில் நிற்பேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். உன்னைப் பார்த்ததும் சிரிப்பார், இடது கையை நீட்டக்கூடச் செய்வார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போகாதே. போஸ்ட்மேன் வந்தாலும் இப்போது அவர் அப்படித்தான் செய்கிறார்.

அக்கா